எழுத்து மாறிய கதை: விண்டோஸ் மாற்றுவதற்கு முன்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன்.

ஓசூரில் என் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் 2016-ல் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. அந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத சிப் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என் பெட்டி அதில் தேறாது. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க தாத்தா" என்கிறான் பேரன். "ஓடுற வரைக்கும் ஓடட்டும் மாமா" என்கிறார் மருமகன்.

நான் இருவருக்கும் உடனே பதில் சொல்லவில்லை. இப்படி ஒரு மாற்றத்தில் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

முதலில் சுடாத ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். 1978-ல் நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அந்த ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. பெரியார் 1935-லேயே தம் குடிஅரசு இதழில் கொண்டுவந்த மாற்றம் அது. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு அதுவரை யானைத் துதிக்கை போல ஒரு சுழி மேலே இருக்கும். ணா, றா, னா வரிசைக்கும் தனி வடிவம். மொத்தம் 13 எழுத்துகள் மாறின. துதிக்கை போட்டு எழுதக் கற்ற நான், துதிக்கை இல்லாமல் எழுதக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் ஆனேன். ஆனால் பழைய புத்தகங்கள் எதுவும் வீணாகவில்லை. பழைய வடிவம் தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தோம். தெரியாத பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் தமிழ் வந்த கதை அப்படி இல்லை. விண்டோஸ் 98 காலத்தில் அதற்குள் தமிழ் கிடையாது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தன. நம் கண்ணுக்கு அது 'அ'. பெட்டிக்கு அது ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக அடுக்கியது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குழப்பம்தான். இதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அங்கே ஒரு விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் முடிவாயின. ஆனாலும் ஊரில் டி.டி.பி. கடைகள் தங்களுக்குப் பழகியதையே வைத்துக்கொண்டன.

எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலும் இதே கதைதான். கன்னட நண்பர்கள் நுடி, பரஹ என்று வைத்திருந்தார்கள்.

தீர்வு யூனிகோடில் இருந்தது. 1991-லிருந்தே அதில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி உண்டு. விண்டோஸ் 2000-லும், அடுத்து வந்த எக்ஸ்பியிலும் அது உள்ளேயே கிடைத்தது. எக்ஸ்பியில் சிடியைப் போட்டு, ஒரு அமைப்பை நாமே இயக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. யூனிகோடு வராமல் இருந்திருந்தால் இந்தப் பதிவை நீங்கள் செல்போனில் தமிழில் படிக்க முடிந்திருக்காது. ஆகவே மாற்றத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

இப்போது என் கதை. எங்கள் நடுநிலைப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து நான் அடித்தவை நடுகல் குறிப்புகள். சனிக்கிழமைகளில் சைக்கிளில் என்னோடு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் வீரக்கற்களை ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். புலியோடு போராடிச் செத்தவன், மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவன் என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை. 31 கற்களைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதை பாமினியில் அடித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தேன்.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதி எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. அவசரப்பட்டு ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 7 போடச் சொன்னேன். படி எடுத்து வைக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை, கேட்க அந்தக் கடைக்காரருக்கும் தோன்றவில்லை. டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் புதிதாகப் போட்டார்கள். 17 கற்களின் குறிப்பு போயிற்று. மீதி 14 ஒரு பழைய சிடியில் இருந்தன. ஆசையாகத் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை! புதிய விண்டோஸில் பாமினி இல்லை. அதைத் தேடிப் போட்ட பிறகுதான் தமிழ் தெரிந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கற்கள் சிலவற்றில் வட்டெழுத்து இருக்கிறது. எழுத்து அழியவில்லை. தினமும் எண்ணெய் பூசிக் கும்பிடுகிறவர்களால் அதைப் படிக்கத்தான் முடிவதில்லை. சிடியில் இருந்த என் கோப்பும் அப்படித்தான் கிடந்தது. வட்டெழுத்து வழக்கொழியப் பல நூற்றாண்டுகள் ஆயின. என் கோப்புக்குப் பத்து வருடம் போதுமாக இருந்தது.

தொல்லியல் துறையினர் கல்வெட்டைக் கண்டால் முதலில் ஈரக் காகிதத்தை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். கல்லைப் படிப்பது, அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் பிறகுதான். கம்ப்யூட்டருக்கும் அதே வரிசைதான்.

அதற்காக மருமகன் சொல்வது போல அப்படியே விட்டுவிடவும் முடியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதே, அது புகுந்தது திருத்தம் போடாத விண்டோஸ் பெட்டிகளில்தான். திருத்தம் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்படியானால் பழசை வைத்திருப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்? சிப்காட்டில் ஒரு பட்டறையில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் சொன்னான்: "சார், எங்க பழைய கடைசல் மெஷினோட சாப்ட்வேர் எக்ஸ்பியில மட்டும்தான் ஓடும். அதனால நெட் ஒயரைப் பிடுங்கிட்டோம். அது பாட்டுக்கு ஓடுது." பாடம் எனக்கும் அதில் இருந்தது.

ஆகவே என் முடிவு இது. முதல் வேலையாக 14 குறிப்புகளையும் என்.எச்.எம். கன்வெர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றினேன். மாறியதை வரி வரியாகப் பழைய பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். பிறகு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பேரனிடம் ஒன்று, காகிதத்தில் ஒன்று என மூன்று படி எடுத்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தம் பெற வழி இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டேன். அந்தக் கெடு முடிவதற்குள் இந்தப் பெட்டியில் லினக்ஸ் போடுவோம். இலவசம், தமிழ் யூனிகோடு ஒழுங்காக வருகிறது, பழைய சிப்பிலும் ஓடும். எனக்கு வேண்டியது எழுதுவது, படிப்பது, பேத்தியோடு வீடியோவில் பேசுவது. அதற்குப் புதுப் பெட்டி எதற்கு? பேரனுக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

உங்களில் சிலருக்கு லினக்ஸ் பொருந்தாது. அலுவலகச் சாப்ட்வேர், கணக்கு, வரி வேலை இருந்தால் விண்டோஸ் 11 உள்ள பெட்டி வாங்குவதே நல்லது. எதைச் செய்தாலும் மாற்றும் நாளுக்கு முந்தின நாள் படி எடுங்கள். எடுத்த படியை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத படியை நம்ப வேண்டாம்.

இனி உதவி. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்களில் பலருக்கு ப்ளஸ் டூவில் லேப்டாப் கிடைத்தது. அப்போது சிலர் வீட்டுக்கு வந்து என் நடுகல் கோப்பைப் பென் டிரைவில் வாங்கிப் போனீர்கள். அந்த லேப்டாப் இன்று பரணில் கிடக்கலாம். விற்பதற்கு முன், துடைப்பதற்கு முன், ஒரு தடவை திறந்து பாருங்கள். புரியாத ஆங்கில எழுத்துகளாக ஒரு கோப்பு இருந்தால் அழித்துவிடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். அந்த 17 கற்களும் அங்கேயேதான் நிற்கின்றன. கதை சொன்ன பெரியவர்களில் ஒருவரும் இன்று இல்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்