முக்கியமில்லாத பேச்சுக்குக் கிடைத்த அனுமதி

1927இல் உலக நாடுகளின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் கூடி வானொலி அலைகளைப் பங்கு பிரித்தார்கள். கப்பலுக்கு இவ்வளவு, ஒலிபரப்புக்கு இவ்வளவு, தந்திக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தபோது, மொட்டைமாடியில் கம்பி கட்டி அலைகளோடு விளையாடிய அமெச்சூர்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை. வேற்று நாட்டு அமெச்சூரோடு பேசலாம். ஆனால் தன் சோதனைகளைப் பற்றியும், காசு கொடுத்துத் தந்தி அடிக்கிற அளவுக்கு முக்கியம் இல்லாத சொந்த விஷயங்களைப் பற்றியும் மட்டுமே பேசலாம்.

காரணம் வருமானம்தான். பிரிட்டன், இந்தியா உள்படப் பல நாடுகளில் அப்போது தந்தி அரசாங்கத்தின் தொழில்; சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். கல்யாணச் செய்தியும் சரக்கு விலையும் இலவசமாகக் கடல் தாண்டினால் கஜானா என்னாவது? காசு பெறாத பேச்சை மட்டும் அமெச்சூர்களிடம் விட்டுவிட்டார்கள். இந்தியாவின் 1978ஆம் ஆண்டு அமெச்சூர் விதிகளிலும் இதே நிபந்தனை இடம்பெற்றது. உலகத்தில் வேறு எந்தப் பொழுதுபோக்குக்கும் இப்படியொரு சாசனம் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். பேசுவது வெட்டிப் பேச்சாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. ஹாம்கள் என்று அழைக்கப்படும் இந்த அமெச்சூர்கள் அந்த வெட்டிப் பேச்சை வைத்தே உலகம் முழுக்க உறவு வளர்த்தார்கள்.

இந்தப் பழக்கம் அவர்கள் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே முதல் தந்திக் கம்பி 1844 மே மாதம் பேச ஆரம்பித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் அதே கம்பியில் இரு நகரத்தாரும் சதுரங்கம் ஆடிப் பார்த்துவிட்டார்கள். பிறகு ரயில் நிலையங்கள்தோறும் தந்தி வந்தது. இரவில் செய்தி ஓய்ந்துவிட்டால் கம்பி சும்மா கிடக்கும். தந்திக்காரர் தூங்க முடியாது. பக்கத்து ஸ்டேஷன்காரரும் விழித்திருக்கிறார். விரல் தானாகப் பேசத் தொடங்கும். இப்படி முகம் பாராமல் காதலித்தவர்களும் உண்டு. தந்திக்காரியாக வேலை பார்த்த எல்லா சீவர் தேயர் 1879இல் அதை வைத்தே ஒரு நாவல் எழுதினார். இளமையில் ஊர் ஊராகத் தந்தி வேலை பார்த்த எடிசன், தன் முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் செல்லப் பெயராக வைத்தது மோர்ஸ் சங்கேதத்தின் ‘டாட்’ (புள்ளி), ‘டேஷ்’ (கோடு).

அந்தத் தந்திக்காரர்களின் சொத்து அப்படியே ஹாம்களுக்கு வந்து சேர்ந்தது. விடைபெறும்போது 73 என்றால் அன்பான வணக்கம். 88 என்றால் முத்தம். அதைவிடப் பெரிய சொத்து, கையை அடையாளம் காணும் காது. மோர்ஸ் கீயின் குமிழைக் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் பிடித்திருக்கும், மணிக்கட்டுதான் ஆடும். ஒருவர் கடைசிக் கோட்டை ஒரு மயிரிழை இழுப்பார். இன்னொருவர் புள்ளிகளை அவசரமாகக் கொட்டிவிட்டு, அடுத்த எழுத்துக்கு முன் மூச்சு வாங்குவதுபோல நிற்பார். நாள்தோறும் கேட்டுப் பழகியவருக்குப் பெயர் தேவையில்லை. இரண்டு மூன்று சொல் கடப்பதற்குள் ஆளைச் சொல்லிவிடுவார். வெறும் அரட்டையில் பழகிய காது அது.

ஹாம்களின் வழக்கமான உரையாடலில் முதலில் சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று எண்ணில் சொல்வார்கள். பிறகு பெயர், ஊர், ரிக் (கருவி) என்ன, ஆன்டெனா எவ்வளவு உயரம், அங்கே மழையா வெயிலா. நெருங்கியவர்கள் என்றால் பேச்சு நீளும். அரை மணி நேரம் விடாமல் அரட்டை அடித்ததற்கு அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் சான்றிதழே கொடுத்துவந்தது.

இந்தப் பேச்சை அடிக்கடி கெடுக்கிறவர் சூரியன். சிற்றலை தூரம் போவது, வான உச்சியில் உள்ள மின்னேற்ற அடுக்குகள் அதைத் திருப்பி அனுப்புவதால். சூரியனில் ஒரு பெரிய தீப்பிழம்பு வெடித்தால், பகல் உள்ள பக்கம் முழுதும் சிற்றலை சட்டென்று செத்துவிடும்; சில நிமிஷத்திலும் திரும்பலாம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். 1930களில் டெலிஞ்சர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் சூரியனோடு முடிச்சுப் போட்டுக் காட்டும் வரை, பலரும் தங்கள் ரேடியோ கெட்டுவிட்டதென்றே நினைத்தார்கள். இன்றும் ஹாமின் கை முதலில் போவது ஆன்டெனா கேபிளுக்குத்தான். அது சரியாக இருந்தால், வானத்தின் தயவு வேண்டாத இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு வருவார். “சார், இருபது மீட்டர் சிற்றலையில ஒண்ணுமே இல்லையே, உங்களுக்குக் கேக்குதா?” உள்ளூர்க்காரர் இன்னொருவரும் அதையே கேட்கத்தான் வந்திருப்பார். சிற்றலை உயிர் பெற்ற பிறகும் இவர்கள் பேச்சு முடிந்திருக்காது. ஜப்பானைப் பிடிக்க உட்கார்ந்தவர் பக்கத்துத் தெருக்காரரோடு மின்மாற்றி சூடாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

சூரியன் மூடினால் திறந்துவிடும். அரசாங்கம் மூடினால் வருஷக்கணக்கு.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் ஹாம்களின் ஆன்டெனாக்களை இறக்கச் சொன்னார்கள். ஒலிபரப்புவது மட்டுமல்ல, கேட்பதும் குற்றம். 1919 அக்டோபரில்தான் மறுபடி அனுப்ப முடிந்தது. இரண்டாம் போரில் பிரிட்டன் 1939 ஆகஸ்டு கடைசியில் உரிமங்களை ரத்து செய்தது. தபால் துறை ஆட்கள் வீடு தேடி வந்து கருவிகளை எடுத்துப் போனார்கள். அமெரிக்காவில் 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் கதவு சாத்தப்பட்டது.

பேசிப் பழகியவர்கள் சும்மா இருக்கவில்லை. காற்றில்தானே பேசக் கூடாது? அமெரிக்க ஹாம்கள் வீட்டு மின்சாரக் கம்பியிலேயே சிக்னலை ஏற்றி, அதே கம்பியில் தொங்கும் அக்கம்பக்க வீடுகளோடு பேசினார்கள். மண்ணில் இரண்டு உலோகக் கம்பிகளை இடைவெளி விட்டு அடித்து, நிலத்தின் வழியே மின்சாரத்தைப் பாய்ச்சிப் பேசிப் பார்த்தார்கள். ஒளிக்கதிரில் குரலை ஏற்றினார்கள். கண்டம் தாண்டிப் பேசியவர்களுக்குச் சில தெருக்கள்தான் எட்டின. ஆனால் இதற்காக அவர்கள் செலவழித்த இரவுகளைப் பார்த்தால், தூரம் அவர்களுக்கு முதல் விஷயமாக இருந்ததாகத் தோன்றவில்லை. மறுமுனையில் ஓர் ஆள் இருந்தால் போதும்.

பிரிட்டனில் கதை வேறு திசையில் போனது. ஜெர்மன் உளவாளிகளின் மெல்லிய மோர்ஸ் சிக்னலைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. லார்ட் சாண்ட்ஹர்ஸ்ட் என்ற அதிகாரி ஹாம்களை நாடினார். சுமார் 1,500 பேர் சேர்ந்தார்கள். பகலில் வங்கியிலோ கடையிலோ வேலை. இரவில் வீட்டு மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு அடியில் கேட்கும் ஐந்தைந்து எழுத்துத் தொகுதிகளை எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். முகவரி ‘பெட்டி எண் 25, பார்னெட்’. தாங்கள் எழுதுவது யாருடைய பேச்சு என்றுகூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஜெர்மன் உளவுத் துறையான அப்வேரின் சங்கேதங்களை பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க் உடைத்தது இந்தத் தாள்களைக் கொண்டுதான். அலைவரிசையும் அழைப்பெழுத்தும் மாறினாலும் கையை வைத்து ஆளைப் பிடித்தார்கள். வெட்டிப் பேச்சில் பழகிய காதை எந்தப் பயிற்சி முகாமிலும் அத்தனை சீக்கிரம் உருவாக்கியிருக்க முடியாது.

இந்தியாவிலும் 1939இல் ஹாம்கள் கருவிகளை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பம்பாயில் ரேடியோ நுட்பம் தெரிந்த நரிமன் பிரின்டர் 1942இல் ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கட்டிக் கொடுத்தார். அதுதான் விடுதலைப் போராட்டக்காரரான உஷா மேத்தாவும் தோழர்களும் நவம்பர் வரை நடத்திய ரகசியக் காங்கிரஸ் ரேடியோ. அந்த ரேடியோவில் அரட்டைக்கு நேரமில்லை.

1945 நவம்பரில் அமெரிக்காவும் 1946 ஜனவரியில் பிரிட்டனும் அலைகளைத் திருப்பிக் கொடுத்தன. நிபந்தனை மட்டும் மாறாமல் நின்றது. 2003இல் ஜெனீவா மாநாட்டில்தான் ‘முக்கியமில்லாத’ என்ற அளவுகோலை எடுத்தார்கள். ஆபத்துக் காலத்தில் பிறருக்கான செய்தியையும் ஹாம்கள் கடத்தலாம் என்று அப்போதே எழுதினார்கள்.

அடுத்த வருஷமே அதற்கு வேலை வந்தது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானின் போர்ட் பிளேரில் நிலையம் போட்டிருந்தது. 1987க்குப் பிறகு அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்கவே இல்லை என்பதால் உலகம் முழுக்க வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் சிக்னல் அளவும் ஒரு வணக்கமும், சில நொடிப் பேச்சு. 26ஆம் தேதி காலையில் நிலம் குலுங்கியது. அன்று சுனாமியாக வந்து நாகப்பட்டினத்தை வாரிய அதே கடல், தீவுகளில் தொலைபேசியை அறுத்துப் போட்டது. வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த நிலையம் அப்படியே அவசர நிலையமாயிற்று. கார் நிக்கோபாரிலும் ஹாம்கள் கருவியோடு போய் இறங்கினார்கள். இன்னார் உயிரோடிருக்கிறார், இந்த எண்ணில் வீட்டுக்குச் சொல்லுங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திகள் கரைக்குப் போயின.

பாதியில் நின்ற வரிசை பலருக்கு மனத்தில் இருந்தது. 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் ஹாம்களின் திருவிழா ஒன்று நடந்தது. பல நாடுகளிலிருந்து கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கூப்பிடத் தொடங்கினார்கள்.