வானத்து வாத்தியாரின் கூலிக்கணக்கு

விமானம் ஓட்டுகிறவர் என்றாலே கை நிறையச் சம்பளம், நட்சத்திர ஓட்டல் என்றுதான் நமக்கெல்லாம் நினைப்பு. அந்த விமானிக்கு முதன்முதலில் ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியாரின் கதையே வேறு! அமெரிக்காவில் அவருடைய கூலியைப் பல பள்ளிகளில் தீர்மானிப்பது ஒரு சின்ன மீட்டர். ஹாப்ஸ் மீட்டர் என்று பெயர். எஞ்சின் ஓடினால் ஓடும், நின்றால் நின்றுவிடும் (ஆட்டோவுக்காவது வெயிட்டிங் சார்ஜ் உண்டு). மழை, மூடுபனி, மாணவர் வராத நாள் எல்லாம் வாத்தியாரின் நஷ்டம்தான்.

இந்த வேலை பெரிய அளவில் பரவியது இரண்டாம் உலகப்போரை ஒட்டி. விமானிகள் போதவில்லை என்று 1939-ல் அமெரிக்க அரசு கல்லூரி மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. 1944-ல் அது முடிவதற்குள் சுமார் 4,35,000 பேர் பயிற்சி பெற்றார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் ராணுவத்தினர் அல்ல, சாதாரணக் குடிமக்கள். பெண்களும் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் கொர்னேலியா ஃபோர்ட். 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை ஹொனலூலுவில் ஒரு மாணவருக்குத் தரையிறங்கப் பழக்கிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு விமானம் நேராக வந்தது. மாணவரிடமிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கி மேலே ஏற்றினார். கடந்து போன விமானத்தின் இறக்கையில் ஜப்பானின் சிவப்பு வட்டம்! பேர்ல் ஹார்பர் தாக்குதல் தொடங்கியிருந்தது. குண்டுகளுக்கு நடுவே மாணவரைப் பத்திரமாகத் தரையிறக்கினார். பிறகு ராணுவ விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓட்டிச் செல்லும் பெண்கள் படையில் சேர்ந்தார். மாதம் 250 டாலர். அதே பணியில் இருந்த ஆண்களுக்கு 380. 1943 மார்ச்சில் விபத்தில் இறந்தபோது வயது 24. அந்தப் பெண்கள் ராணுவத்தினராகக் கருதப்படவில்லை. அதற்கான சட்டம் வந்தது 1977-ல்.

போருக்குப் பின் நிலைமை தலைகீழ். விமானிகள் நிறைய, வேலை குறைவு. 250 மணி நேரம் பறந்தால் வணிக உரிமம் கிடைத்துவிடும். ஆனால் விமான நிறுவனங்கள் கேட்டது அதைவிடப் பல மடங்கு. விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறக்க யாரிடம் பணம்? வழி ஒன்றுதான்: வாத்தியார் ஆகிவிடுவது. பெட்ரோல் செலவு மாணவருடையது, பறந்த நேரம் வாத்தியாரின் கணக்கிலும் ஏறும். அந்த மணி நேரமே கூலியில் பாதி ஆகிவிட்டது. குறைத்துக் கொடுத்தாலும் வர ஆள் வரிசையில் நிற்கும்போது பள்ளி ஏன் கூட்டிக் கொடுக்கப் போகிறது?

24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் பயிற்சி கொடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த 8 மணியைச் சேர்க்க விடியற்காலை முதல் இரவு வரை விமான நிலையத்தில் காத்திருப்பதற்கு அதில் வரம்பு இல்லை.

2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே ஒரு சிறிய பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானியின் சம்பளம் ஆண்டுக்கு 16,000 டாலர் அளவுதான் என்று விசாரணையில் பேசப்பட்டபோது நாடே திகைத்தது. 2010-ல் சட்டம் வந்தது, 2013-ல் அமலானது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் கட்டாயம் (ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் விமானவியல் பட்டதாரிகளுக்கும் சலுகை உண்டு). வேடிக்கை என்னவென்றால், விபத்தில் இறந்த இரண்டு விமானிகளுமே 2,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள்!

சட்டத்தின் பாரம் வந்து விழுந்தது வாத்தியார் நாற்காலியில். 250-லிருந்து 1,500 வரை எட்ட இன்னும் நீண்ட காலம் அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். 2022-ல் விமானிப் பஞ்சம் வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் தர முன்வந்தன. 1,500 எட்டிய மறுநாளே வாத்தியார்கள் பெட்டி கட்டினால் யாரைக் குறை சொல்வது? பாதிப் பாடத்தில் இருக்கும் மாணவருக்குப் புது வாத்தியார் வருவார். இவருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க, முடித்த பாடத்தையே மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வார். மீட்டர் ஓடும், காசு மாணவருடையது.