வூட்ஸ் எஃகு: தென்னிந்தியக் கொல்லர்களின் உருக்குக் கலை

வூட்ஸ் எஃகு என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் மூசைகளில் இரும்பை உருக்கிச் செய்யப்பட்ட உயர்தர எஃகு ஆகும். சிறு கட்டிகளாக வார்க்கப்பட்ட இந்த எஃகு பாரசீகம், அரேபியா முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியானது. நீரலை போன்ற வரிகளுடன் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் பல இதைக் கொண்டே அடிக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதன் மாதிரிகள் இலண்டனை அடைந்தன. அவற்றை ஆராய்ந்தவர்களுள் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். ஆனால் இதன் இரகசியத்தை அறிவியல் முழுமையாக விளக்குவதற்கு முன்பே, இதைச் செய்யத் தெரிந்த கொல்லர்களின் உலைகள் அணைந்துவிட்டன.

பெயர்

எஃகு என்பது தமிழில் பழைய சொல். சங்க இலக்கியத்தில் இது வேல், வாள் போன்ற கூரிய படைக்கலத்தைக் குறிக்கிறது. உருக்கிச் செய்யப்பட்ட இரும்பு என்ற பொருளில் உருக்கு என்ற சொல்லும் வழங்கியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகுக்கு உக்கு என்று பெயர். இந்தச் சொல்லே ஆங்கிலேயர் வாயிலும் எழுத்திலும் திரிந்து வூட்ஸ் ஆயிற்று என்பது பரவலான கருத்து. இன்று உலகெங்கும் உலோகவியல் நூல்கள் இந்தத் திரிந்த பெயரையே ஆள்கின்றன.

இரும்பு, வார்ப்பிரும்பு, எஃகு

இம்மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அவற்றில் கலந்துள்ள கரிமத்தின் அளவைப் பொறுத்தது. கரிமம் மிகக் குறைவாக இருந்தால் அது தேனிரும்பு. அது எளிதில் வளையும், ஆனால் கூர் நிற்காது. கரிமம் 2 விழுக்காட்டைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு. கடினமாக இருந்தாலும் சம்மட்டியால் அடித்தால் உடைந்துவிடும். இரண்டிற்கும் இடைப்பட்டதே எஃகு. வூட்ஸ் எஃகில் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு வரை கரிமம் இருந்தது. இது எஃகு வகைகளிலேயே மிக உயர்ந்த அளவு.

பழைய உலைகளில் இரும்புத் தாதுவை மரக்கரியுடன் சேர்த்துச் சூடேற்றியபோது இரும்பு உருகி ஓடவில்லை. தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியசு வெப்பம் வேண்டும். அந்த உலைகள் அவ்வளவு வெப்பத்தை எட்டவில்லை. கிட்டம் கலந்த, கடற்பஞ்சு போன்ற இரும்புப் பிண்டமே கிடைத்தது. அதை அடித்து அடித்துக் கிட்டத்தை வெளியேற்றினர். அவ்வாறு கிடைத்த தேனிரும்பில் கரிமத்தை ஒரே சீராக ஏற்றுவதுதான் கடினம். தென்னிந்தியக் கொல்லர் இதற்குக் கண்ட வழி மூசை. மூடிய கலத்துக்குள் கரிமம் கலக்கக் கலக்க இரும்பின் உருகுநிலை இறங்குகிறது. ஒரு கட்டத்தில் முழுதும் உருகிச் சீரான எஃகாகிறது. கிட்டமும் பிரிந்து மேலே மிதந்துவிடுகிறது.

செய்முறை

இம்முறை இடத்துக்கு இடம் சிறிது வேறுபட்டது. சேலம், மைசூர் பகுதிகளில் ஒருவகை, தக்காணத்தில் ஐதராபாத்தைச் சார்ந்த பகுதிகளில் மற்றொரு வகை. 1800-01இல் மைசூர்ப் பகுதியில் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன், பின்னர் சேலம் பகுதியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் ஆகியோர் தாம் கண்டதை எழுதிவைத்தனர். அவற்றிலிருந்து சேலத்து முறையை ஓரளவு அறியலாம்.

மூசை சாதாரணக் களிமண்ணால் ஆனதன்று. மண்ணுடன் நெல் உமியைக் கலந்து பிசைந்தனர். உமி வெந்து கருகியபின் மூசை கடும் வெப்பத்தையும் தாங்கியது. அதனுள் தேனிரும்புத் துண்டுகளையும், ஆவாரை மரத்தின் உலர்ந்த சிறு துண்டுகளையும் இட்டனர். அவற்றின்மேல் எருக்கு முதலிய செடிகளின் பச்சை இலைகளை வைத்தனர். பிறகு மூசையின் வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாதபடி பூசி உலர்த்தினர்.

இவ்வாறு அமைத்த இருபது முதல் இருபத்து நான்கு மூசைகளை ஒரு சிறு உலையில் வளைவாக அடுக்கி, மரக்கரியால் மூடித் துருத்தி ஊதினர். சுமார் இரண்டரை மணி நேரம் ஊதியபின் மூசைகளை எடுத்து ஆறவிட்டு உடைத்தனர். உள்ளே ஒரு சிறு எஃகுக் கட்டி இருக்கும். அதன் மேற்பரப்பில் நடுவிலிருந்து கதிர்போல் விரியும் கோடுகள் இருந்தால் எஃகு நன்றாக உருகியது என்று பொருள். மேற்பரப்பு கரடுமுரடாகவோ துளையுடனோ இருந்தால் அது தேறாத கட்டி. வெப்பமானி இல்லாத காலத்தில் உலையின் நிறமும், கட்டியின் முகமுமே கொல்லருக்கு அளவுகோல்கள்.

ஐரோப்பாவில் மூசையில் எஃகை உருக்கும் முறையை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பகுதியில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில்தான் உருவாக்கினார் என்பது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

தொல்லியல் சான்றுகள்

தமிழ்நாட்டில் இரும்பின் பழைமை மிக நீண்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. எனினும் இரும்பின் பழைமை வேறு, மூசை எஃகின் பழைமை வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை முடிவு செய்ய முடியாது.

மூசை எஃகைப் பொறுத்தவரை ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல் முக்கியமானது. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். 1980களிலிருந்து இங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசைகளைப் பயன்படுத்திய உலைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. கல்மணிகள் செய்த தடயங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் உடன் கிடைத்தன. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரில் மூசை எஃகு செய்த இடம் ஒன்றை உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் கண்டறிந்து வெளியிட்டார். தெலங்கானாவின் கோனசமுத்திரமும் பேர்பெற்ற எஃகூர்.

இலங்கையின் சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய இரும்பு உலைகளை கில் ஜூலெஃப் ஆராய்ந்து 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். மலைச்சரிவில் மேற்கு நோக்கி அமைந்த இவ்வுலைகள், இத்தொழிலில் ஒரே வழிமுறை மட்டும் இருக்கவில்லை என்பதைக் காட்டுகின்றன.

கடல் கடந்த வணிகம்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரேயக் கடல் பெரிப்ளசு என்னும் கிரேக்க நூல், செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளுள் இந்திய இரும்பையும் எஃகையும் குறிப்பிடுகிறது. உரோம அறிஞர் பிளினி சிறந்த இரும்பு சீரசு மக்களிடமிருந்து வருவதாக எழுதினார். இவர்கள் சேரரே என்பாரும், சீனர் என்பாரும் உளர். இது முடிவாகாத கருத்து.

இடைக்காலத்தில் சான்றுகள் தெளிவாகின்றன. 9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி என்னும் அரபு அறிஞர் வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். இந்தியாவோடு தொடர்புடைய வாள்களுக்கு அரபு மொழியில் ஹிந்துவானி, முஹன்னத் போன்ற பெயர்கள் வழங்கின. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, கோல்கொண்டா நாட்டு எஃகு பாரசீகத்துக்குச் செல்வதைப் பதிவு செய்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட, எஃகுக் கட்டிகளைத் தரம் பார்த்து வாங்கப் பாரசீக வணிகர் கோனசமுத்திரத்துக்கு நேரில் வந்துகொண்டிருந்தனர்.

இங்கு ஒரு தெளிவு தேவை. டமாஸ்கஸ் வாள்கள் அனைத்தும் இந்தியாவில் செய்யப்பட்டவை என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. மூசை எஃகு நடு ஆசியாவிலும் பாரசீகத்திலும்கூடச் செய்யப்பட்டது. தென்னிந்தியா பெருமளவில் அனுப்பியது எஃகுக் கட்டிகளை. அவற்றை வாளாக அடித்த திறமை பெரும்பாலும் பாரசீக, மேற்காசிய வாட்கொல்லர்களுடையது. எஃகைச் செய்தவரும் வாளை அடித்தவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவர் கையறிவும் சேர்ந்தே அந்தப் புகழ் பிறந்தது.

இலண்டன் ஆய்வுகள்

1794இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலனசு ஸ்காட், இந்த எஃகின் மாதிரிகளை இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பேங்ஸுக்கு அனுப்பினார். ஜார்ஜ் பியர்சன் அவற்றை ஆராய்ந்து 1795இல் கட்டுரை வெளியிட்டார். இலண்டனின் கத்தி செய்பவர் ஜேம்சு ஸ்டோடார்ட், தாம் பயன்படுத்தியவற்றுள் இதுவே சிறந்த எஃகு என்று போற்றினார்.

அந்த ஸ்டோடார்ட்டுடன் இணைந்தவர்தான் இளம் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தவியலில் புகழ்பெறுவதற்கு முன் அவர் செய்த முதல் பெரிய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. அவருடைய தந்தை ஒரு கொல்லர் என்பது பொருத்தமான செய்தி. வூட்ஸின் சிறப்புக்கு அதில் கலந்த அலுமினா, சிலிக்கா ஆகியவையே காரணம் என்று ஃபாரடே 1819இல் கருதினார். அம்முடிவு தவறு. ஆனால் அதைச் சோதிக்க முயன்று வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலிய உலோகங்களை எஃகுடன் கலந்து பார்த்தார் அவர். இது குறித்த கட்டுரைகள் 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இன்றைய கலப்பு எஃகு ஆய்வுக்கு இவை முன்னோடி எனக் கொள்ளப்படுகின்றன.

பாரிசு நாணயச்சாலையைச் சேர்ந்த ழான் ராபேர் பிரெயான் 1820களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்தார். சிறப்புக்குக் காரணம் மிகுதியான கரிமமே என்ற சரியான முடிவை அவர் நெருங்கினார். உருசியாவின் சிலத்தவுஸ்த் நகரில் பாவெல் அனோசவ் புலாத்து என்னும் வரியுடைய எஃகைச் செய்துகாட்டி 1841இல் நூல் வெளியிட்டார். மூசையிலிருந்து வந்த ஒரு கட்டி ஐரோப்பிய உலோகவியலின் பாடப்பொருளானது இவ்வாறுதான்.

ஐரோப்பியக் கொல்லர்களால் இதை எளிதில் அடிக்க முடியவில்லை. தம் எஃகைப் போலவே இதையும் வெள்ளொளி வரக் காய்ச்சி அடித்தபோது நொறுங்கியது. கரிமம் மிகுந்த இந்த எஃகைக் குறைந்த செஞ்சூட்டிலேயே பொறுமையாக அடிக்க வேண்டும். அவ்வாறு அடித்தால்தான் வரிகளும் அழியாமல் நிற்கும்.

தொழில் அழிந்த விதம்

சேலம் பகுதியின் இரும்பு வளத்தைக் கண்ட ஹீத், 1830களில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலையை நிறுவினார். தாது சேலத்திலிருந்து வரவேண்டும், உலைக்கோ மரக்கரி வேண்டும். ஆலை நிலையான வெற்றி பெறவில்லை. இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகு செய்கையில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உற்பத்தியாளர்கள் அதைச் சிறிது மாற்றிக் கையாண்டு பயனடைந்தனர். ஹீத்துக்கு நீண்ட வழக்குகளே மிஞ்சின.

ஊர்க் கொல்லருக்கு நேர்ந்தது இன்னும் பெரிய இழப்பு. இங்கிலாந்தின் மலிவான இரும்பு கப்பல்களில் வந்து சந்தைகளில் குவிந்தது. 1856இல் பெஸ்ஸமர் தம் முறையை வெளியிட்டபின் எஃகும் டன் கணக்கில் மலிவாகக் கிடைத்தது. ஒரு மூசையில் ஒரு சிறு கட்டி என்ற கணக்கு அதனுடன் போட்டியிட முடியாது. காடுகள் குறைந்தன. 1882இன் சென்னை வனச் சட்டம் போன்றவை கரிக்காக மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தின. 1857 எழுச்சிக்குப் பின் படைக்கலங்கள் பறிமுதலாயின, 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. வாளுக்கான தேவையும் சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தென்னிந்தியாவில் இத்தொழில் ஏறக்குறைய மறைந்தது. இலங்கையில் கடைசியாக எஞ்சியவர்களின் செய்முறையை ஆனந்த குமாரசுவாமி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்தார்.

பிற்கால விளக்கம்

வாளின் வரிகள் எவ்வாறு தோன்றின என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் நூறாண்டு ஆனது. அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன், வாட்கொல்லர் ஆல்பிரட் பென்ட்ரே இருவரும் 1990களில் அவ்வகை எஃகைத் திரும்பச் செய்து ஆராய்ந்தனர். தாதுவில் மிகச் சிறிதளவே இருந்த வனேடியம் போன்ற தனிமங்கள், சிமென்டைட் துகள்கள் வரிசை வரிசையாக அமையக் காரணமாயின என்பது அவர்கள் கண்ட முடிவு. திரும்பத் திரும்பக் குறைந்த சூட்டில் அடிக்கும்போது அத்துகள்கள் வரிகளாகத் தெரிகின்றன. எல்லா இரும்புத் தாதுவும் இதற்கு உதவாது என்பதும் இதனால் விளங்குகிறது. 2006இல் செருமனியின் டிரெசுடன் நகர ஆய்வாளர் குழு, 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றில் கரிம நானோகுழாய்களைக் கண்டதாக நேச்சர் இதழில் அறிவித்தது. பழங்காலக் கொல்லர் நானோ அறிவியல் அறிந்திருந்தனர் என்பது இதன் பொருளன்று. எந்தத் தாது, எந்த மரம், எந்தச் சூடு என்பதைத் தலைமுறைகளின் பட்டறிவால் சரியாகத் தேர்ந்திருந்தனர் என்பதே பொருள்.

மதிப்பீடு

வூட்ஸ் எஃகைப் பற்றி அரபு அறிஞர் எழுதினர், ஐரோப்பியப் பயணிகள் எழுதினர், வேதியியலாளர் எழுதினர். அதைச் செய்தவர் எழுதிய செய்முறை நூல் என ஒன்று இன்று நம் கையில் இல்லை. அந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு உலையருகே கைமாறியது. வாழ்வு தந்தவரை அது வளர்ந்தது. சோறு போடாதபோது மகன் வேறு வேலைக்குச் சென்றான், அறிவு அங்கே நின்றது. அதனால்தான் ஒரு காலத்தில் பல ஊர்களில் அன்றாடம் நடந்த வேலையை மீண்டும் செய்துகாட்ட, ஆய்வகமும் நுண்ணோக்கியும் பல ஆண்டு முயற்சியும் தேவைப்பட்டன.

கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் உடைந்த மூசைத் துண்டுகளும் கிட்டமும் கிடைத்ததைப் போலத் தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலும் கிட்டமேடுகள் உள்ளன. வயலைச் சமன் செய்யும்போதும் சாலை போடும்போதும் அவை குப்பையென அகற்றப்படக்கூடும். கருத்து, கண்ணாடி போல் மின்னும் அந்தக் கற்கள் எழுதப்படாத ஒரு நூலின் பக்கங்கள். அவற்றை அடையாளம் கண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது மாணவர்களாலும் இயலக்கூடிய செயல்.