கரண்ட் போனது யார் பக்கம்?

ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுல கரண்ட் போகுது. முதல்ல என்ன பண்ணுவீங்க? ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்பீங்க. எதிர் வீட்டுல லைட் எரிஞ்சா, கோளாறு நம்ம வீட்டுல. தெருவே இருட்டா இருந்தா, "எல்லாருக்கும்தான் போயிருக்கு"ன்னு ஒரு நிம்மதி. சர்வர் படுத்தா சாஃப்ட்வேர்ல நாங்க செய்யறதும் இதேதான். கோளாறு யார் பக்கம்னு முதல்ல பிரிக்கணும், சரி பண்றதெல்லாம் அதுக்கு அப்புறம். இந்த எபிசோட்ல அந்த ஒரு கேள்வியை வெச்சு ராஜபாளையத்தோட கதையைப் பார்க்கப் போறோம்.

இந்தக் கேள்விக்குத் தெளிவான உதாரணம் துறைமுகத்துலதான் இருக்கு. வெளிநாட்டுப் பஞ்சு வந்து இறங்கும் தூத்துக்குடி மாதிரி ஒரு துறைமுகத்தை நினைச்சுக்கோங்க. நடுக்கடல்ல கப்பல் தன் ஜெனரேட்டரை நம்பித்தான் ஓடுது. கரையில கட்டின பிறகு அதை நிறுத்திட்டு, ஒரு கேபிள் வழியா கரையிலிருந்து மின்சாரம் வாங்கலாம். இதுக்கு 'ஷோர் பவர்'னு பேர். 'கோல்ட் அயர்னிங்'னு ஒரு பழைய பேரும் உண்டு. நிலக்கரிக் கப்பல் காலத்தில், கரை சேர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரும்பு இன்ஜின் ஆறிப்போகும். பேர் அதிலிருந்து வந்தது. நம்ம துறைமுகங்களும் இந்த வசதியைத் தரணும்னு மத்திய அரசு 2023-ல் 'ஹரித் சாகர்' வழிகாட்டுதல்ல சேர்த்திருக்கு.

கட்டிப்போட்ட படகுல அடிக்கடி கரண்ட் போனா எப்படித் தேடுவாங்க? கரை, கேபிள், படகுன்னு மூணாப் பிரிப்பாங்க. படகுப் பக்கத்து பிளக்கைக் கழட்டிட்டு, கரையில இருக்கிற பிரேக்கரைப் போட்டுப் பார்ப்பாங்க. அது நின்னா, கோளாறு படகுக்குள்ள. அப்பவும் ட்ரிப் ஆனா, கேபிள்ல அல்லது கரையில. இதுல மீறக் கூடாத விதி ஒண்ணு உண்டு. சாதாரணப் படகுல கரை மின்சாரமும் சொந்த ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையக் கூடாது. ஒண்ணு போட்டா இன்னொண்ணு விலகுற மாதிரி 'சேஞ்ச்ஓவர்' சுவிட்ச் இருக்கும். இது மில்லுக்கும் பொருந்தும். மில் ஜெனரேட்டரின் மின்சாரம் தவறி வெளி லைனுக்குப் போனா, லைன் செத்துக் கிடக்குன்னு நம்பிக் கம்பத்துல ஏறின லைன்மேன் உயிரே போயிடும்.

இனி ராஜபாளையம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினது 1936-ல். காலத்தைக் கவனிங்க. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் வந்தது, மேட்டூர் 1937-ல். 1944-ல் தாமிரபரணி மேல பாபநாசம். மலையில விழுற தண்ணி சமவெளியில நூலா மாறின காலம் அது. ஆனா இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. மழை பொய்த்தா அணை காயும், அணை காய்ந்தா கரண்ட் குறையும்.

பக்கத்துல இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரையும் இங்க சேர்த்துப் பாருங்க. பால்கோவா விறகடுப்புல கிண்டுறாங்க, கைத்தறியில காலும் கையும் வேலை செய்யுது. கரண்ட் போனா தொந்தரவுதான், ஆனா வேலை அந்த நொடியே நிக்காது. நூற்பாலை அப்படி இல்லை. மின்சாரம் கண் சிமிட்டுற நேரம் தாழ்ந்தாலே மோட்டாரை இயக்கும் காண்டாக்டர் விட்டுடும். கரண்ட் உடனே திரும்பி வந்தாலும் மிஷின் தானா ஓடாது. நூல் அறுந்து நிக்கும். ஒவ்வொரு கதிரா ஆள் போய் முடிச்சுப் போடணும்.

மழை பொய்த்து கரண்ட் தட்டுப்பாடு வந்தது நமக்கு மட்டும் இல்லை. 1929-ல் அமெரிக்காவின் டகோமா நகரத்துல வறட்சி. நீர்மின் அணைகள் வற்றிப்போச்சு. அப்போ கடற்படையின் 'லெக்சிங்டன்' விமானந்தாங்கிக் கப்பலைத் துறைமுகத்தில் கட்டி, அதன் மின்சாரத்தை நகரத்துக்குக் கொடுத்தாங்க. சுமார் ஒரு மாசம், ஏறக்குறைய 45 லட்சம் யூனிட். கரை கப்பலுக்குக் கொடுக்கிறதுக்குப் பதிலா, கப்பல் கரைக்குக் கொடுத்தது.

நம்ம ஊர்லயும் அந்தத் தலைகீழ் நடந்தது, வேற வடிவத்துல. 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுல மின்வாரியம் காற்றாலைகளை நிறுத்திக் காட்டியது. பிறகு ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நம்பி மில்கள் சொந்தமாகக் காற்றாலை வாங்கத் தொடங்கின. காற்றாலை ஒரு இடத்தில், மில் இன்னொரு இடத்தில். நடுவுல வாரியத்தோட கம்பி. கம்பியில் கொண்டுவர்றதுக்குக் கட்டணம் உண்டு. சீசன்ல மிஞ்சுறதைக் கணக்கில் வரவு வைத்து, பிறகு எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' முறையும் இருந்தது.

அப்புறம் 2008 வந்தது. அந்த நவம்பரிலிருந்து உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு. மாலை 6 முதல் 10 மணி வரை விளக்குக்கும் காவலுக்கும் 10 சதவீதம்தான். 2012-ல் சென்னையில் இரண்டு மணி நேரம் வெட்டு, வெளி மாவட்டங்களில் மோசமான நாட்களில் 14 மணி நேரத்துக்கும் மேல். வடக்கே மிஞ்சினாலும் போதுமான அளவு கொண்டுவர வழி இல்லை. தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே அலைவரிசையில் இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். ஆலைகள் மீதான வெட்டு 2015 ஜூன்ல விலகியது.

இந்த ஏழு வருஷத்தில் "யார் பக்கம்?" என்ற கேள்விக்கு பதில் எல்லாருக்கும் தெரியும்: கரைப் பக்கம். ஆனா பதில் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? பெரிய மில் கப்பல் மாதிரி. சொந்த ஜெனரேட்டர் இருக்கு, டீசல் செலவு எகிறினாலும் ஓட்டலாம். ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டியை எடுத்துக்கோங்க. மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறி ஊர். அங்க தறி ஓட்டுறவருக்கு நெய்த அளவுக்குத்தான் கூலி. நாலு தறி வெச்சிருக்கிறவர் டீசல் வாங்கிக் கட்டுப்படியாகாது. தறி நின்ன மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. வெட்டு யூனிட்டுல இல்லை, சம்பளத்துல.

மின்வெட்டு வரலாறுன்னா எத்தனை மெகாவாட் பற்றாக்குறைன்னு பேசி முடிச்சுடுறோம். எனக்கு அதைவிட முக்கியமா படுறது, கேபிளைக் கழட்டினா யாரால தாங்க முடியும்ங்கிறது. பைக்காராவும் பாபநாசமும் எல்லாரையும் ஒரே கம்பியில் கட்டின திட்டங்கள். கம்பி நின்னப்போ, மாற்று வழி வாங்க முடிஞ்சவங்க ஓட்டினாங்க. மத்தவங்க வெளியே உட்கார்ந்து கரண்டுக்குக் காத்திருந்தாங்க.

2012-ல் தறியிலோ மில் ஷிஃப்ட்டிலோ வேலை பார்த்தவங்க உங்க வீட்டுல இருந்தா, அந்த வாரக் கூலி எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. அவங்க சம்மதிச்சா குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுவோம்.