கலப்படமும் குறைபாடும்: 1918 முதல் சென்னை மாகாண உணவாய்வின் இரு தடங்கள்

முன்னுரை

உணவினால் விளையும் கேடு இருவகைப்படும். சேரக்கூடாத பொருள் உணவில் சேர்வதால் வருவது ஒன்று. இருக்க வேண்டிய பொருள் இல்லாமற் போவதால் வருவது மற்றொன்று. முன்னது கலப்படம், பின்னது குறைபாடு. சென்னை மாகாணத்தில் இவ்விரண்டையும் எதிர்கொள்ளும் முயற்சிகள் 1918ஆம் ஆண்டில் ஒருசேரத் தொடங்கின. ஆயினும் ஒன்று சட்டத்தின் வழியிலும் மற்றொன்று ஆய்வகத்தின் வழியிலும் சென்று, நெடுங்காலம் தனித்தனியே இயங்கின. இப்பிரிவினால் விடுபட்டது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிண்டி: சேர்ந்ததைத் தேடிய சட்டம்

1918ஆம் ஆண்டின் சென்னைக் கலப்படத் தடுப்புச் சட்டம், விற்பனைக்கு வைக்கப்பட்ட உணவின் மாதிரியை எடுத்து, அரசுப் பகுப்பாய்வாளரின் அறிக்கையைச் சான்றாகக் கொண்டு வழக்குத் தொடரும் நடைமுறைக்கு வழிவகுத்தது. கிண்டி கிங் நிலையம் இப்பகுப்பாய்வின் மையமாக விளங்கியது. பாலில் நீர், நெய்யில் அயற்கொழுப்பு போன்றவை இங்கு வினாவுக்குரியவை. இச்சட்ட மரபு 1954ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டத்திலும் தொடர்ந்தது.

விற்கப்பட்ட பொருள் அதன் பெயருக்குத் தக்கதா என்பதே சட்டத்தின் அடிப்படைக் கேள்வி. தவிடு முற்றிலும் நீங்கத் தீட்டப்பட்ட வெள்ளரிசி, இக்கேள்வியின்முன் குற்றமற்ற பொருளாகும்.

குன்னூர்: இல்லாததைத் தேடிய ஆய்வகம்

அதே 1918இல், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நரம்பு நோயுற்றதை எய்க்மான் 1890களில் சாவகத்தில் கண்டறிந்திருந்தார். அரிசியிலிருந்து அகற்றப்பட்ட தவிட்டில் இருந்த தயமின் என்னும் உயிர்ச்சத்தின் இழப்பே நோய்க்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. குன்னூர் ஆய்வுப் பிரிவு 1928இல் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு அளித்து மெக்காரிசன் அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். சீக்கியர் உணவு முதலிடமும் ‘மதராசி’ உணவு கடைசி வரிசையும் பெற்றன. இவ்வகைப்பாடு மேலாய்வுக்குரியது. மாகாணத்தின் வடகோடியான வடசர்க்கார் மாவட்டங்களில் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ணப்பட்டது; பெரிபெரி அங்கு நிலைகொண்டிருந்தது. தமிழ் மாவட்டங்களில் புழுங்கலரிசி பெருவழக்கு, நோயோ அரிது. நெல்லை அவிக்கும்போது தயமினின் ஒரு பகுதி மணியின் உட்புறம் ஊடுருவுவதால், தீட்டிய பின்னும் அது எஞ்சுகிறது. வீட்டு வழக்கம் உண்டாக்கிய இவ்வேறுபாடு ‘மதராசி’ என்னும் ஒற்றைப் பெயருக்குள் மறைந்துபோகிறது.

1935இல் இயக்குநர் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பீட்டு நூலை வெளியிட்டார். அவர் காலத்தில் ஆய்வின் கவனம் மக்களின் பழக்கத்திலிருந்து வருவாயை நோக்கியும் விரிந்தது. பாலும் பருப்பும் கீரையும் நல்லவை என அறிவதால் மட்டும் அவை ஏழையின் தட்டுக்கு வந்துவிடா என்பது புலனாயிற்று. 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த பள்ளி மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இவ்வுண்மைக்கு அரசு அளித்த விடைகளாகும்.

தடங்கள் சந்தித்த இடங்கள்

இரு கேடுகளும் ஒரே தட்டில் கூடுவதைக் கேசரிப் பருப்பு காட்டியது. துவரம்பருப்பில் கலக்கப்படும்போது அது கலப்படம். மலிவான அதனையே முதன்மை உணவாக நெடுநாள் உண்ண நேர்ந்த ஏழைகளுக்கோ அது கால்களை முடக்கும் நோயைத் தந்தது. 1974இல் இராசத்தான், குசராத்து மாநிலங்களின் ஊர்களில் பூஞ்சை படிந்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அங்கே காரணமாயிற்று. கெட்ட தானியத்தை ஒதுக்கும் வசதியற்றவர்களே இத்தகைய நஞ்சுக்கு முதலில் இரையாவர்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமும், அதன்கீழ் 2018இல் வந்த செறிவூட்டல் விதிகளும் இரு தடங்களை ஓரளவு இணைத்தன. சேர்ப்பதைத் தடுத்த சட்டமரபு, சேர்க்க வேண்டியதையும் வரையறுக்கத் தொடங்கியது. செறிவூட்டிய அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை கட்டாயம்; குன்னூர் ஆய்வுக்கு வித்திட்ட தயமினோ விருப்பத்திற்குரியது.

முடிவுரை

‘ஏரி மாவட்டம்’ எனப்பட்ட செங்கற்பட்டுப் பகுதியின் பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் ஆகியவை இன்று நகர்ப்புறமாகிவிட்டன. இங்கு அரிசியும் எண்ணெயும் பாலும் கடையிலிருந்தே வருகின்றன. நெல்லை அவித்துக் குத்திய வீட்டில், தவிடு எவ்வளவு நீங்கியது என்பது கண்முன் தெரிந்தது; பொட்டலத்தில் வாங்குவோருக்குச் சேர்ந்ததும் தெரியாது, நீங்கியதும் தெரியாது. ஆகவே கிண்டிக்கு அண்மையிலுள்ள இப்புறநகர்களில் நிகழும் பொதுச்சுகாதார ஆய்வுகள், கடை மாதிரியை மட்டுமோ குழந்தையின் எடையை மட்டுமோ அளந்து அமைதல் போதாது. ஒரே குடும்பத்தின் உணவில் தூய்மை, சத்து, விலை ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்குவதே 1918இல் பிரிந்த தடங்களை இணைக்கும் வழியாகும்.