அறைக்கேற்ற ஒலிபெருக்கி: டென்மார்க்கிலிருந்து ஒரு பாடம்

ஒலிபெருக்கி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது கோயில் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டியிருக்கும் கூம்புக் குழாய்தான். அந்தக் குழாயின் பூர்வ கதையில் டென்மார்க்காரர் ஒருவர் இருக்கிறார். 1886ல் ஃபால்ஸ்டர் தீவில் பிறந்த பீட்டர் யென்சன், அமெரிக்காவுக்குப் போய், கலிஃபோர்னியாவின் நாப்பா ஊரில் எட்வின் பிரிதாமுடன் சேர்ந்து, காந்தப் புலத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்து ஒலியெழுப்பும் கருவியை உருவாக்கினார். அதில் கிராமஃபோன் கூம்பைப் பொருத்தி, 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான்ஃபிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்தையே கேட்க வைத்தார்கள். இன்றைய ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை இயங்குவது அதே காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட முறையில்தான்.

யென்சன் பிறந்த நாடு பிற்பாடு ஸ்பீக்கர்களின் நாடாகவே ஆகிவிட்டது. பாங் அண்ட் ஓலுஃப்சன் 1925ல் ஸ்ட்ரூயரில் தொடங்கியது. 1926ல் பீர்லெஸ், 1933ல் வீஃபா, 1970ல் ஸ்கேன்ஸ்பீக், 1977ல் ஸ்கேண்டர்போர்க் ஊரில் டைனாடியோ, 1983ல் டாலி என்று வரிசை நீள்கிறது. வேறு நாட்டுப் பெயர் தாங்கிய விலையுயர்ந்த பெட்டிகள் பலவற்றிலும் உள்ளே இருப்பவை டென்மார்க்கில் வடிவமைத்த கூம்புகளே. இவற்றில் பல யூட்லாந்து பகுதியைச் சேர்ந்தவை. எண்பதுகளில் ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் ஹெர்னிங்கில் விநாயகருக்கும், பிராண்டேயில் அபிராமி அம்மனுக்கும் கோயில் எழுப்பியிருப்பதும் அதே யூட்லாந்தில்தான்.

ஆகவே நல்ல ஸ்பீக்கர் வாங்க நினைக்கும் தமிழர் டென்மார்க்கைக் கவனிப்பது நியாயம். ஆனால் அங்கே கற்க வேண்டிய முதல் பாடம் எந்தப் பெயரை வாங்குவது என்பதல்ல. டைனாடியோ தன் ஸ்பீக்கர்களை அளக்க 13 மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் கொண்ட கூடம் ஒன்றைக் கட்டியிருக்கிறது. சுவர், தரை, கூரை மூன்றிலிருந்தும் விலகி நடுவில் ஸ்பீக்கர் நிற்கும். அறையின் எதிரொலி கலக்காமல் ஸ்பீக்கரின் குரலை மட்டும் அளப்பதற்கு இவ்வளவு ஏற்பாடு. நாமோ அதே ஸ்பீக்கரை நாலு மீட்டர் அறையின் மூலையில், அலமாரிக்கும் திரைச்சீலைக்கும் நடுவே வைக்கிறோம். தாழ்ந்த ஒலியைப் பொறுத்தவரை நாம் கேட்பதில் பெரும்பங்கு அறையினுடையது.

அறையின் குணம்

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 172ஐ அறையின் நீளத்தால் (மீட்டரில்) வகுத்தால் அந்த அறை எந்த ஹெர்ட்ஸில் தானே முழங்கும் என்று தெரியும். 5 மீட்டர் நீளத்துக்கு 34, 4 மீட்டர் அகலத்துக்கு 43, 2.5 மீட்டர் உயரத்துக்கு 69. இவற்றின் மடங்குகளிலும் முழக்கம் உண்டு. நீளமும் அகலமும் சமமான அறையில் இரண்டு முழக்கங்களும் ஒரே இடத்தில் விழுவதால் தொல்லை இரட்டிப்பாகும்.

சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இந்த முழக்கம் மிக அதிகம். அறையின் நட்டநடுவில் முதல் முழக்கம் ஏறத்தாழ மறைந்துபோகும். பின்சுவரிலிருந்து அறை நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்காருவது நல்ல ஆரம்பம்.

ஸ்பீக்கர் வைக்கும் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அதன் பின்னால் உள்ள சுவர் 1 மீட்டர் தூரத்தில் இருந்தால் 86 ஹெர்ட்ஸ் அருகேயும், அரை மீட்டரில் இருந்தால் 172 அருகேயும் ஒலி பள்ளமாகும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரலையை எதிர்ப்பதே காரணம். எனவே பின்சுவர், பக்கச்சுவர், தரை ஆகிய மூன்றும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டாம்.

மிருதங்கத்தின் தொப்பி ஒலி 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. அறை முழங்குவதும் பள்ளமாவதும் இதே பகுதியில்தான். கும்கி கும்கியாகக் கேட்காமல் வெறும் கொழகொழப்பாகக் கேட்டால், பழியை முதலில் ஸ்பீக்கர்மேல் போட வேண்டாம்.

எந்த அளவு?

ஆளுயர ஸ்பீக்கர் கௌரவமாக இருக்கும். ஆனால் 12, 15 சதுர மீட்டர் அறையில் அது எழுப்பும் தாழ்ந்த ஒலிக்குப் போக இடமில்லை. பேஸ் கிடாரின் கீழ்த் தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். கர்நாடகக் கச்சேரியும் இளையராஜாவும் கேட்பவருக்கு, சுமார் 45 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக இறங்கும் சிறிய பெட்டியை நல்ல தாங்கியில் நிறுத்தினால் பெரும்பாலும் போதும். சுவரை ஒட்டி வைத்தே தீரவேண்டும் என்றால், பின்பக்கம் துளையில்லாத பெட்டி உத்தமம்.

ஊரும் முக்கியம். மரச்சட்டமும் மெல்லிய பலகையும் கொண்ட சுவர்கள் தாழ்ந்த ஒலியில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். சென்னையின் செங்கல், கான்கிரீட் சுவர்கள் விடாது. மரச்சட்ட வீட்டில் அளவாக ஒலித்த ஸ்பீக்கர் மயிலாப்பூரில் அதிர்வது இதனால்தான்.

ஆம்ப்ளிஃபயருடன் பொருத்தம்

ஸ்பீக்கரின் உணர்திறன் 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இருமடங்கு வாட் வேண்டும். 6 டெசிபல் குறைந்தால் நாலு மடங்கு. இந்த எண்ணைப் பெரும்பாலும் 2.83 வோல்ட்டுக்குத் தருகிறார்கள். 8 ஓமில் அது 1 வாட். 4 ஓமில் 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 88 என்று போட்டிருந்தால், வாட் கணக்கில் 85 என்றே கொள்ள வேண்டும்.

சராசரிக்கு 1 வாட் போதுமான இசையில், 20 டெசிபல் எகிறும் ஒரு மிருதங்கச் சொல்லுக்கு 100 வாட் தேவை. சக்தி குறைந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர் உணர்திறன் மிக்க ஸ்பீக்கரையே தேட வேண்டும்.

தானே திருத்திக்கொள்ளும் கருவிகள்

2003ல் வந்த பாங் அண்ட் ஓலுஃப்சனின் பியோலேப் 5, அடியிலிருந்து ஒரு மைக்கை நீட்டி, அறையை அளந்து, தன் தாழ்ந்த ஒலியைத் தானே சரிசெய்தது. இன்று பல ஆம்ப்ளிஃபயர்களிலும் இப்படிப்பட்ட வசதி இருக்கிறது. இது மேட்டை வெட்டும், பள்ளத்தை நிரப்பாது. பள்ளத்தில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் திரும்பும் அலையும் அதே அளவு வளர்ந்து அதை விழுங்கிவிடும். அதற்கு ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதுதான் வழி.

மெல்லிய நுரைத் தகடுகள் உயர்ந்த ஒலியை மட்டுமே குடிக்கும். தாழ்ந்த ஒலிக்கு மூலைகளில் கனமான கல்கம்பளி அடைப்புகள் வேண்டும். வெறும் மரத்தரைக்கும் பெரிய கண்ணாடி சன்னலுக்கும் ஒரு நல்ல கம்பளமும், திரையும், நிறையப் புத்தகம் உள்ள அலமாரியும் பெரிதும் உதவும். நம் வாசகர்கள் பலரிடம் கடைசிப் பொருள் ஏற்கெனவே இருக்கும்.

வாங்குமுன்

கடையில் கேட்பது கடையின் அறையைத்தான். ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்கலாமா என்று கேளுங்கள். நல்ல கடைகள் பல சம்மதிக்கும். நன்கு பழகிய மூன்று ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: தனிக்குரலும் தம்புராவும், ஒரு தனியாவர்த்தனம், வாத்தியக் கூட்டம் நிறைந்த ஒரு திரைப்பாடல். தம்புராவின் இழை அறுபடாமல் கேட்கிறதா? தொப்பியின் ஒவ்வொரு தட்டும் அடுத்தது வருமுன் அடங்குகிறதா? சத்தத்தைக் குறைத்தாலும் பாடகரின் சொற்கள் தெளிகின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால், அதைவிட விலை கூடிய ஸ்பீக்கரைத் தேட வேண்டியதில்லை. இல்லை என்றால், பணப்பையைத் திறப்பதற்கு முன் ஸ்பீக்கரை அரை மீட்டர் முன்னால் இழுத்துப் பாருங்கள். அதற்குக் காசில்லை.