ரிச்மண்ட் மேட்டில் ஏறிய டிராம்

அமெரிக்காவின் தென்பகுதியில், வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்ட், மேடும் பள்ளமுமான ஊர். ஜேம்ஸ் ஆற்றங்கரையிலிருந்து குன்றுகளின் மேல் தெருக்கள் ஏறும். உள்நாட்டுப் போரின் முடிவில், 1865-இல், அதன் வணிகப் பகுதி எரிந்து சாம்பலானது. புகையிலை ஆலைகளும் இரும்புப் பட்டறைகளும் இருபது ஆண்டுகளில் ஊரை மீண்டும் நிமிர்த்தின. வேலைக்குப் போகிற கூட்டம் பெருகியது. ஆனால் தண்டவாளத்தில் ஓடிய வண்டிகளை அப்போதும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான் இழுத்தன. செங்குத்தான மேடுகளில் அவை திணறின.

1887-இல் பிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் இதற்கு மாற்றுத் தர முன்வந்தார். கடற்படைக் கல்லூரியில் படித்தவர்; சில காலம் எடிசனிடம் வேலை பார்த்தவர்; அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. 12 மைல் பாதை, 40 வண்டிகள், 80 மோட்டார்கள், ஒரு மின் நிலையம், எல்லாம் 90 நாளில் முடிய வேண்டும் என்பது ஒப்பந்தம். சில இடங்களில் பத்தடி தூரத்துக்கு ஓரடி ஏறும் சரிவு. அதற்கு முன்பும் சில ஊர்களில் மின் வண்டிகள் ஓடியதுண்டு. இத்தனை பெரிய அளவில், இப்படிப்பட்ட மேடுகளில் யாரும் ஓட்டியதில்லை. போதாக்குறைக்கு, வேலை நடக்கும்போதே ஸ்பிரேக் டைபாய்டு காய்ச்சலில் படுத்துவிட்டார்.

ஓர் இரவு, வண்டி மேடேறுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். ஏறியது. உச்சியை அடைந்த பிறகு மோட்டார் பழுதாகி நின்றுவிட்டது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சூழ்ந்திருந்தது. கருவிகள் வந்தால் சரிசெய்துவிடலாம் என்று சொல்லி, ஸ்பிரேக் விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டார். கூட்டம் கலைந்த பின் கருவிகள் வந்தன: நான்கு கோவேறு கழுதைகள். வண்டியை அவை இழுத்துப் போயின.

1888 பிப்ரவரி 2 அன்று முறையான ஓட்டம் தொடங்கியது. தலைக்கு மேலே போகும் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கோலைப் பலமுறை மாற்றி மாற்றிச் செய்தார்கள். ஒப்பந்தத்தில் ஸ்பிரேக்குக்குப் பெரும் நஷ்டம். ஆனால் முறை வென்றது. பாஸ்டன் டிராம் கம்பெனியின் தலைவர் ஹென்றி விட்னி நேரில் வந்து பார்த்து மின்சார டிராமுக்கு மாறினார். ஊர் ஊராக மின்சார டிராம் பரவியது. ஏழே ஆண்டில், 1895-இல், சென்னைத் தெருக்களிலும் மின்சார டிராம் ஓடியது.

ரிச்மண்டின் உருவமும் மாறியது. ஜின்டர் பார்க் போன்ற புறநகர்கள் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்தன. பொழுதுபோக்க விரும்பியவர்கள் டிராம் ஏறி ஃபாரஸ்ட் ஹில் பூங்காவுக்குப் போனார்கள்.

ஆனால் அதே வண்டிக்குள் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனியே உட்காரவைக்க டிராம் கம்பெனிகளை அனுமதிக்கும் சட்டத்தை 1904-இல் மாநிலம் கொண்டுவந்தது. ரிச்மண்ட் கம்பெனி அதை உடனே நடைமுறைப்படுத்தியது. யார் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் நடத்துநர் கைக்குப் போனது. ‘ரிச்மண்ட் பிளானட்’ பத்திரிகையின் ஆசிரியர் ஜான் மிட்செல், பெனி சேமிப்பு வங்கியை நிறுவிய மேகி வாக்கர் ஆகியோர் டிராமில் ஏறாதீர்கள் என்று மக்களை அழைத்தார்கள். கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கும் கடைக்கும் நடந்தே போனார்கள். ஏற்கெனவே கடனில் தவித்த கம்பெனி அந்த ஆண்டே திவாலானது.

சட்டம் மட்டும் அசையவில்லை. 1906-இல் அந்தப் பிரிவினை வர்ஜீனியாவில் கட்டாயமாக்கப்பட்டது. 1900-க்கும் 1906-க்கும் இடையில் தென்பகுதியின் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நகரங்களில் இப்படி டிராம் புறக்கணிப்புகள் நடந்தன. பிற்காலத்தில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானதும் உலகமே கவனித்த பேருந்துப் புறக்கணிப்பு எழுந்த மாண்ட்கமரி நகரம், 1900-லேயே டிராம்களைப் புறக்கணித்திருந்தது. 1955-இல் அங்கே நடக்கத் தொடங்கியவர்களுக்கு முன்னோடிகள் ரிச்மண்டிலும் இருந்தார்கள்.